முட்டுக்கட்டை போட்ட வேகன்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, என்னைப் பற்றி உங்களிடம் யாராவது முன்பே சொல்லியிருப்பார்கள். வாய்க்கொழுப்பு பிடித்தவன், மேலதிகாரியோடு ஒத்துப்போகத் தெரியாதவன், அதனால்தான் சேர்ந்த நாளில் வேகன் பரிசோதகனாக இருந்தவன் ஓய்வு பெறும்போதும் வேகன் பரிசோதகனாகவே போனான் என்று. எல்லாம் உண்மை. மறுப்பதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. அது எப்படி உண்மையாயிற்று என்று சொல்லத்தான் எடுத்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்தது பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய ஒரு ரயில் சரக்கு யார்டில். நிர்வாகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயருக்கு என் தயவு தேவையில்லை, எனக்கும் அதன் தயவு தேவையில்லை. கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் போகிற வேகன்களை அங்கேதான் பிரித்துக் கோப்போம். ரப்பர் ஷீட்டு, ஈயக்கட்டி, அரிசி, சிமெண்டு, சில நாள் உயிரோடு பன்றிகள். நாற்றத்தை வைத்தே எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வேகன்களைக் கோக்கிற முறை இன்றும் அதேதான், நீங்களே பார்த்திருப்பீர்கள். எஞ்சின் ஒரு வேகனை முதுகில் தள்ளிவிட்டு நின்றுவிடும். வேகன் தானாக உருண்டுபோய் முன்னால் நிற்கிற வேகனில் தட்டும். தட்டியதும் கொக்கியைக் கோப்பார்கள். அந்த அடியைத் தாங்குவதற்குத்தான் வேகனின் முனையில் பக்கத்துக்கொன்றாக இரண்டு பஃபர். வெளியே வட்டத் தட்டு, அதன் பின்னால் ஒரு தண்டு, தண்டைத் தாங்கி உள்ளே கனத்த ஸ்பிரிங். உருளும் வேகனோடு ஷண்டர், அதாவது வேகன்களைக் கோக்கிற ஆள், கையில் பிரேக் கழியை வைத்துக்கொண்டு கூடவே போவார். வேகன் தட்டிய பிறகு, கழியால் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்துவது அவர் பொறுப்பு.

நான் சொல்லப்போகிற சமயத்தில் ரப்பர் விலை மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். துறைமுகம் போகிற ரயிலில் மூட்டை முடிச்சோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் யார்டிலும் வேலை போனால் அடுத்தது கப்பல்தான் என்பது குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் நிமிர்ந்து நிற்பது எப்படி என்று என்னை யாராவது கேட்டால், முதுகெலும்பு வளையாததால்தான் என்று சொல்வேன். வீரம் என்று எதுவும் கிடையாது.

ஒரு முறை வாய்க்காலுக்கு அருகே நிறுத்திவைத்திருந்த வேகன் ஒன்று தானாக உருண்டு ஒரு கூலியின் காலை நசுக்கிவிட்டது. பாவம், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். யார்டுக்குப் பொறுப்பாக இருந்த துரை நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர் கெட்டவரில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாளே ஆபீஸ் வராந்தாவில் இருந்த அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தோடு ஓர் உத்தரவு தொங்கியது. நிற்கிற வேகன் எதுவானாலும், எந்த நேரமானாலும், பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத்தான் நிற்க வேண்டும். மீறினால் வேலை போகும்.

கேட்டால் நல்ல உத்தரவு மாதிரிதான் இருக்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது. இறுக்கிக் கட்டிப்போட்ட பொருள் பத்திரமாக இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் உடம்பில் ஊறிய எண்ணம். முட்டை கொண்டுபோகிறவன்கூடக் கூடையை இறுக்கித்தான் பிடிக்கிறான்.

ஆனால் உத்தரவு வந்த சில வாரங்களில் என் பரிசோதனைக் கொட்டகையின் மூலையில் உடைந்த பஃபர் ஸ்பிரிங்குகள் சேர ஆரம்பித்தன. முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று உடையும். இப்போது வாரம் தவறாமல் வந்தன. துரையிடம் போய்ச் சொன்னேன். "ஷண்டர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள். வண்டியைக் கட்டுப்படுத்தாமல் ஓடவிடுகிறார்கள்" என்றார். ஷண்டர்களுக்கு எச்சரிக்கை போயிற்று. ஸ்பிரிங்குகள் உடைவது நிற்கவில்லை.

அப்புறம்தான் ஆசிட் வண்டி வந்தது.

ரப்பர் பாலை உறையவைக்கத் தோட்டங்களுக்கு ஆசிட் போகும். பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள், சுற்றி வைக்கோல், அதற்கு மேல் பிரம்புக் கூடை. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போக வேண்டிய அப்படி ஒரு வேகன், உத்தரவுப்படியே பிரேக் இறுக்கி, முட்டுக்கட்டை போட்டு நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் தட்டிக் கோக்க வேண்டிய வேகனைக் கொண்டுவந்தவன் முனியாண்டி. ஷண்டர்களில் நிதானமானவன் என்று பெயரெடுத்தவன், வெற்றிலையைக்கூட அவசரமில்லாமல்தான் மெல்லுவான்.

காலை நேரம். நான் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகன் என்னைத் தாண்டிப் போனது. முனியாண்டி அதன் பக்கத்தில் நடந்து போனான். ஓடவில்லை, நடந்தான். வழக்கமான நடையைவிடக் கொஞ்சம் எட்டிப்போட்ட நடை, அவ்வளவுதான். அடுத்து வந்த சத்தம் தட்டுகிற சத்தமாக இல்லை. இரும்பு இரும்பை அறைகிற சத்தம். உடனே கண்ணாடி நொறுங்கியது. வேகனின் அடிப்பலகை வழியாக ஆசிட் கொட்டிக் கருங்கல் ஜல்லியெல்லாம் புகைந்தது. மூக்கு எரிந்தது. முனியாண்டி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றவர்களைக் கையால் விரட்டினான். நல்லவேளை, யார் மேலும் படவில்லை. ஜாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நான் முதலில் பார்த்தது பஃபரை. இரண்டு ஸ்பிரிங்கும் உடைந்திருந்தன. அடுத்து சக்கரத்தைப் பார்த்தேன். முட்டுக்கட்டை சப்பையாக நசுங்கியிருந்தது, ஆனால் இடம் மாறவில்லை. வேகன் ஒரு விரல் அளவுகூட நகரவில்லை. அந்தக் கட்டையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். கொட்டகை மூலையில் கிடந்த அத்தனை ஸ்பிரிங்கும் ஏன் உடைந்தன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மத்தியானம் துரை கூப்பிட்டார். மேஜைமேல் ஸ்பிரிங் செய்த கம்பெனியின் அட்டவணை விரித்திருந்தது. துரைக்குக் கணக்கு நன்றாக வரும். இந்த ஸ்பிரிங் இவ்வளவு அடி தாங்கும், இந்த எடையுள்ள வண்டி ஆள் ஓடுகிற வேகத்தில் வந்து தட்டினாலும் தாங்கும், ஆனால் உடைந்திருக்கிறது, ஆகவே அதைவிட வேகமாக வந்திருக்கிறது. பென்சிலால் அழகாகப் போட்டுக் காட்டினார்.

"கட்டை போட்டு நிறுத்திய வண்டி அசையாது. அசையாத வண்டியில் ஜாடி உடையாது. அப்படியும் உடைந்திருக்கிறது என்றால் அடி எவ்வளவு பலமாக இருந்திருக்க வேண்டும், பார்" என்றார்.

அட்டவணைக்குக் கீழே அறிக்கை தயாராக இருந்தது. ஷண்டர் அளவுக்கு மீறிய வேகத்தில் வண்டியை விட்டதே காரணம். பரிசோதகர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"துரை, இந்த அட்டவணையில் இருக்கிற வண்டி வேறு, நம் வண்டி வேறு. அது கட்டை போடாத வண்டிக்குப் போட்ட கணக்கு" என்றேன்.

"கட்டை போடாத வண்டியைவிடக் கட்டை போட்ட வண்டி பத்திரம். அதனால்தானே உத்தரவே போட்டேன்?"

"பத்திரமில்லை. இரண்டு மடங்கு ஆபத்து."

அவர் முகம் சிவந்தது. நாளைக்குள் கையெழுத்துப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே தலைமைக் கிளார்க் என்னைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், என் அப்பா காலத்திலிருந்தே தெரிந்தவர், என்மேல் அன்புள்ளவர்.

"தம்பி, உமக்கென்ன விசரே? மூண்டு வரி. கையெழுத்தை வைச்சுப்போட்டு வீட்ட போம்."

"அண்ணே, வண்டி நடந்துதான் வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"அது எனக்கும் விளங்குது. துரைக்கு எதிரா நிண்டு இஞ்ச ஆர் உருப்பட்டவன், சொல்லும் பாப்பம்? முனியாண்டி போனால் இன்னொரு முனியாண்டி வருவான். உமக்குப் பின்னால ஒரு குடும்பம் இருக்கு."

"அவனுக்கும் இருக்குண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்புள்ளவர்கள் சொல்கிற புத்திமதியை உதறுவதுதான் கஷ்டம், தம்பிகளே. அதிகாரியை எதிர்ப்பது அதைவிடச் சுலபம்.

அன்று சாயங்காலம் முனியாண்டியின் மனைவி அஞ்சலை என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நிறைமாதம். இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அஞ்சலை அழவில்லை.

"ஐயா, அவரு வேகமா விட்டிருந்தா விட்டேன்னு சொல்லுவாரு. பொய் வராது அவருக்கு. கப்பல் ஏறச் சொன்னா ஏறிப் போறோம், எத்தனையோ பேரு போறாங்க, நாங்களும் போறோம். ஆனா தப்புப் பண்ணிட்டுப் போனான்னு எழுதக் கூடாது. அது மட்டும் கூடாது."

"எழுத மாட்டேன்மா" என்றேன்.

"நீங்க எழுத மாட்டீங்க. வேற ஆளு எழுதினா?"

கையெழுத்துப் போடாமல் இருப்பது பாதி வேலைதான் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். நான் ஒதுங்கிக்கொண்டால் என் இடத்தில் வேறு ஒருவனை உட்காரவைத்துப் போடவைப்பார்கள். அந்தக் கணக்கு தப்பு என்று துரையின் கண்ணெதிரே காட்ட வேண்டும். அதுவும் நாளைக்குள்.

இந்த இடத்தில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். ஒரே எடையுள்ள இரண்டு வேகன். ஒன்று உருண்டு வருகிறது, மற்றது பிரேக்கும் கட்டையும் இல்லாமல் சும்மா நிற்கிறது. தட்டியதும் ஸ்பிரிங் அமுங்கத் தொடங்குகிறது. அமுங்க அமுங்க, வருகிற வண்டியின் வேகம் குறைகிறது, நிற்கிற வண்டியின் வேகம் கூடுகிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வருகிற நொடியில்தான் ஸ்பிரிங் மிக அதிகமாக அமுங்கியிருக்கும். உந்தம் எங்கும் தொலைந்துபோவதில்லை. ஒரு வண்டியில் இருந்த உந்தம் இப்போது இரண்டு வண்டியில் இருக்கிறது, ஆகவே வேகம் சரிபாதி. வேகம் பாதியானால் ஒரு வண்டியின் ஆற்றல் கால் பங்கு. இரண்டு வண்டிக்கும் சேர்த்து அரைப் பங்கு. அந்த அரைப் பங்கு ஓட்டமாகவே இருந்துவிடுகிறது. மீதி அரைப் பங்குதான் ஸ்பிரிங்குக்குள் போகிறது.

நிற்கிற வண்டிக்குக் கட்டை போட்டால்? அது நகராது. உந்தம் கட்டை வழியாகத் தண்டவாளத்துக்கும், தண்டவாளத்திலிருந்து பூமிக்கும் போய்விடும். ஆற்றலுக்குப் போக்கிடமே இல்லை. முழுவதையும் ஸ்பிரிங்தான் விழுங்கியாக வேண்டும். அதே வண்டி, அதே வேகம், ஆனால் ஸ்பிரிங்குக்கு இரட்டைச் சுமை. துரை தன் கணக்கில் கூட்டல் கழித்தலில் தப்புச் செய்யவில்லை. நிற்கிற வண்டி விட்டுக்கொடுக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டார், விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உத்தரவும் அவரே போட்டார்.

இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் அவர் தன் காகிதத்தை எடுத்து நீட்டியிருப்பார். காகிதமும் காகிதமும் மோதினால் பெரிய பதவியில் இருக்கிறவர் காகிதம்தான் ஜெயிக்கும். ஆகவே இரும்பையே பேசவைக்க முடிவு செய்தேன்.

யார்டின் தென்கோடியில் தண்டவாளம் லேசாகச் சரிந்து இறங்கும். மறுநாள் காலையில், எஞ்சின் டிரைவர் பாக் மாட்டிடம் போய், ஒரு வேகனை அந்தச் சரிவின் மேலே ஏற்றிவைக்க முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. "போலே லா" என்றார். முடியும் என்று அர்த்தம், ஆனால் அவர் சொன்ன விதத்தில் அதைவிட நிறைய அர்த்தம் இருந்தது. கீழே சமதரையில் அதே மாதிரி இன்னொரு வேகனை நிறுத்தினோம். இரண்டிலும் ஒரே கணக்கில் மணல் மூட்டை. அப்புறம் ஆபீசுக்குப் போய், துரை வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

"யார்டு பள்ளிக்கூடம் இல்லை" என்றார்.

"பள்ளிக்கூடம் இல்லைதான். ஆனால் நீங்கள் ஒருவரைக் கப்பலில் ஏற்றப்போகிறீர்கள். ஏற்றுவதற்கு முன்னால் கால் மணி நேரம் வந்து பாருங்கள். நான் சொன்னது தப்பாக இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, நானும் வேலையை விட்டுப் போகிறேன்."

இப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்தபின் திரும்ப விழுங்கவும் மனமில்லை.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு இப்போது ஒரே கவலை, பிறகு எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கக் கூடாது என்பது. வேகனை எந்த இடத்திலிருந்து உருட்டிவிட வேண்டும் என்பதைத் துரையையே சாக்குக் கட்டியால் கோடு போடச் சொன்னேன். கீழே வரும்போது ஆளின் வேக நடை அளவு வேகம் இருக்கிற மாதிரி, இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்து அவரே போட்டார். கட்டை இல்லாமல் ஒரு முறை, கட்டையோடு ஒரு முறை, இரண்டையும் அதே கோட்டிலிருந்து விடுவோம், ஆகவே கீழே வருகிற வேகம் மாறாது. பஃபர் தண்டில் மசகு தடவினோம். தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு தூரம் மசகு வழிக்கப்பட்டுவிடும். அதையும் துரையையே தடவச் சொன்னேன். வெள்ளைச் சட்டைக் கையில் மசகு பட்டது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

எதை முதலில் விடுவது என்றும் யோசித்தேன். கட்டை போட்டதை முதலில் விட்டு ஸ்பிரிங் உடைந்தால், ஸ்பிரிங்கே சொத்தை என்று சொல்லிவிடலாம். ஆகவே கட்டை இல்லாமல் முதலில். நல்ல ஸ்பிரிங் என்று அவர் கண்ணாலேயே பார்த்த பிறகு கட்டை. தம்பிகளே, சோதனை செய்வது பெரிதில்லை. எதிராளி தப்பிக்கிற வழியை முன்கூட்டியே அடைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

முனியாண்டியைக் கூப்பிட்டேன். வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஆனாலும் வேலிக்கு வெளியே நின்றிருந்தான். பிரேக் கழியைக் கையில் வாங்கியதும் முகத்தில் உயிர் வந்தது.

பாக் மாட் வண்டியை விட்டார். முனியாண்டி அதன் கூடவே எட்டிப்போட்டு நடந்தான், அன்று நடந்த அதே நடை. "டும்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வந்த வண்டி ஏறத்தாழ நின்றுவிட்டது, நின்ற வண்டி புறப்பட்டு ஓடியது. மசகு முழுவதும் வழிக்கப்பட்டிருந்தால் நானும் கப்பல்தான். குனிந்து பார்த்தேன். தண்டு உள்ளே போகக்கூடிய தூரத்தில் பத்தில் ஏழு பங்கு போயிருந்தது. ஸ்பிரிங்கில் தூரத்தைத் தூரத்தால் பெருக்கித்தான் ஆற்றல்; ஏழேழு நாற்பத்தொன்பது, நூற்றில் பாதி. அதற்கு மேல் மசகு கலையாமல் பளபளவென்று இருந்தது.

துரையும் குனிந்து பார்த்தார். "அப்படியானால் மீதி ஆற்றல் எங்கே?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார், கிண்டலாக இல்லை.

நான் தண்டவாளத்தைக் காட்டினேன். வேகன் தூரத்தில் உருண்டு போய்க்கொண்டிருந்தது, பின்னாலேயே முனியாண்டி கழியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

"அதோ போகிறது, துரை" என்றேன்.

பாக் மாட் சிரித்துவிட்டார். துரை சிரிக்கவில்லை, ஆனால் திரும்பியும் போகவில்லை.

இரண்டாவது முறை, அவர் உத்தரவுப்படியே எல்லாம். பிரேக் இறுக்கி, கட்டை போட்டு. கட்டை சரியாக இருக்கிறதா என்று அவரே காலால் உதைத்துப் பார்த்தார். மறுபடி மசகு தடவினோம். அதே கோடு, அதே நடை. இந்த முறை சத்தம் ஆபீஸ்வரை கேட்டது, கிளார்க்குகள் வராந்தாவுக்கு ஓடிவந்தார்கள். வந்த வண்டி அறைந்து, உதைபட்டுப் பின்னால் துள்ளியது. மசகு தண்டின் கடைசிவரை வழிக்கப்பட்டுக் கிடந்தது. இனி உள்ளே போக இடமே இல்லை என்கிற அளவுக்குத் தட்டு அடிப்பாகத்தில் போய் மோதியிருந்தது. ஒரு ஸ்பிரிங்கில் முடி அளவு விரிசல்.

முனியாண்டி என் பக்கம் வந்து, "ஐயா, நான் நடந்துதானே வந்தேன்? ஓடியிருந்தா மூச்சு வாங்கியிருக்கும்லா?" என்றான். என்னிடம் சொல்கிற மாதிரித் துரைக்குக் கேட்கும்படி சொன்னான்.

துரை அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அவன் நாளை வேலைக்கு வரலாம்" என்றார். என்னைத் தனியாக அழைத்து, "அறிக்கையில் ஸ்பிரிங் கோளாறு என்று எழுதிவிடு. யாருக்கும் கஷ்டமில்லை" என்றார்.

"ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை. உத்தரவில்தான் கோளாறு. தட்டும்வரை வண்டி விட்டுக்கொடுக்கட்டும், தட்டிய பிறகு பிரேக்கும் கட்டையும் போடட்டும். உத்தரவை அப்படி மாற்றி எழுதிவிடுங்கள், நானும் ஒன்றும் எழுதவில்லை."

"உத்தரவின் நகல் மேலிடத்துக்குப் போயாயிற்று. ஒரு ஷண்டருக்காக அதை மாற்ற முடியாது."

ஆகவே நான் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்தும் போட்டு மேலிடத்துக்கே அனுப்பினேன். அதற்குப் பிறகு என் பெயர் பதவி உயர்வுக்கு எப்போது போனாலும் எங்கேயோ சிக்கி நின்றுவிடும். கொஞ்ச காலத்தில் துறைமுகப் பக்கம் மாற்றினார்கள், கொசுக்கடியும் உப்புக்காற்றுமாக அங்கேயே கிடந்தேன். எனக்குக் கோபம் உண்டு, இன்றும் உண்டு. வருத்தம் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்தச் சோதனைக்கு மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும்.

முனியாண்டி வேலைக்கு வந்தான். உத்தரவு பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கிடைத்த முதல் வேலை, அரிசி ஏற்றிய வேகன் ஒன்றின்மேல் இன்னொன்றைத் தட்டிக் கோப்பது. அரிசி வேகன் உத்தரவுப்படி முட்டுக்கட்டையோடு நின்றது. கட்டையை எடுக்காமல் தட்டினால் ஸ்பிரிங் உடையும், வேகமாக விட்டான் என்று வேலை போகும். கட்டையை எடுத்துவிட்டுத் தட்டினால் உத்தரவை மீறினான் என்று வேலை போகும். துரை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஷண்டர்கள் அவரவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். போய் ஏதாவது சொல்லலாமா என்று ஓர் அடி வைத்தேன். முனியாண்டி கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கித் துப்பினான். குனிந்து முட்டுக்கட்டையை உருவினான். பிரேக்கைத் தளர்த்தினான். பாக் மாட்டுக்குக் கை காட்டினான். வண்டி உருண்டு வந்தது, அவன் கூடவே நடந்தான். "டும்" என்றது. அரிசி வேகன் மெல்லப் புறப்பட்டது, முனியாண்டி ஓடிப்போய்க் கழியால் பிரேக்கை அழுத்தி நிறுத்தினான். மூட்டை ஒன்றுகூடச் சரியவில்லை.

பிறகு அந்தக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, யார்டின் குறுக்கே, அத்தனை பேர் பார்க்க, வராந்தாவரை நடந்தான். துரைக்கு முன்னால் நின்றான்.

"துரை, பிரேக்கு நான் போடுவேன். தட்டினப்புறம் போடுவேன்" என்று தமிழிலேயே சொன்னான். அறிவிப்புப் பலகைக்குக் கீழே கட்டையை வைத்துவிட்டுத் திரும்பி வேலைக்குப் போனான்.

துரைக்குத் தமிழ் தெரியும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஷண்டர் தன் கட்டையைக் கொண்டுபோய் அங்கே வைத்தான். அடுத்து இன்னொருவன். மத்தியானத்துக்குள் யார்டில் இருந்த முட்டுக்கட்டைகள் எல்லாம் அந்த உத்தரவுக்குக் கீழே குவிந்து கிடந்தன. சாயங்காலம் ஷண்டிங் முடிந்ததும் ஆளுக்கொன்றாக எடுத்துப்போய், நிற்கிற வேகன்களுக்கெல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் மறுபடி குவியல்.

அதை அங்கிருந்து அகற்று என்று துரை யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு போனார்.